சோதனைக்கென ஒரு தனிக் கணினி

மென்பொருளை நிறுவுவது எளிது. சுவடில்லாமல் நீக்குவதுதான் கடினம். 'அன்இன்ஸ்டால்' செய்த பிறகும் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் அதன் பதிவுகளும் பின்னணிச் சேவைகளும் எஞ்சிவிடுவதுண்டு. ஆகவே, அன்றாட வேலை நடக்கும் கணினியைச் சோதனைக்களம் ஆக்கக் கூடாது. அதற்காக இன்னொரு கணினி வாங்க வேண்டியதில்லை. விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற இலவச மென்பொருளால் கணினிக்குள்ளேயே மெய்நிகர் கணினி ஒன்றை அமைக்கலாம். அதற்குள் இருக்கும் இயங்குதளம் தன் ஹார்ட் டிஸ்க் என நம்புவது, உண்மையில் நம் டிஸ்க்கில் உள்ள ஒரு கோப்புதான். முன்கூட்டியே ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவைத்தால், எது கெட்டாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். 2019-இல் விண்டோஸ் 10-இல் வந்த சாண்ட்பாக்ஸ் இன்னும் எளிது: அதை மூடியதும் உள்ளே செய்தவை எல்லாம் அழிந்துவிடும். ஆனால் ஹோம் பதிப்பில் அந்த வசதி இல்லை.

பேக்கப் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். பேக்கப் இழந்ததை மீட்டுத் தரும். மீட்கச் செலவாகும் நேரத்தைத் தராது. மெய்நிகர் கணினியால் வேகம் குறையுமே என்பது நியாயமான குறைதான். 4 ஜிபி ராம் மட்டுமே உள்ள கணினி திணறும். அங்கே பென்டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கிப் பார்ப்பது மேல். மெய்நிகர் கணினி என்னும் தடுப்பும் முழுக் காப்பு அல்ல என்பதும் மெய்யே. அதிலிருந்து வெளியேற வழிதரும் 'வெனம்' என்ற ஓட்டை 2015-இல் வெளிப்பட்டது. ஆயினும் அத்தகைய ஓட்டைகள் அரிது. நாமே திறந்துவைக்கும் பகிர்வுக் கோப்புறைகளே அன்றாட ஆபத்து. அவற்றையும், தேவையில்லாதபோது இணையத்தையும் துண்டித்துவிட்டுச் சோதிப்பதே அறிவுடைமை.