மின்வண்டிகளும் வழிப்படமும்

ஒரு வழி எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்று காட்டுவதே முற்காலத்து நிலப்படத்தின் தொழிலாயிருந்தது. கைக்கருவியிற் காணும் இக்காலத்துப் படமோ, இன்ன வண்டியில் இன்ன வழியே செல்க எனப் பிரயாணிக்குக் கட்டளையும் இடுகின்றது. ஆதலின் எவ்வழியில் எவ்வண்டிக்கு உரிமையுண்டு என்பதையும் படம் அறிந்திருத்தல் வேண்டும். காலால் மிதிக்கும் சைக்கிளும் மோட்டார் வண்டியும் மாத்திரமே இருந்தவரை இஃது எளிய காரியம். மின்சாரத்தால் உந்தப்படும் சைக்கிள்களும், நின்றபடியே ஓட்டும் ஸ்கூட்டர்களும் இவ்விரண்டிற்கும் நடுவே புகுந்தபின் அவ்வெளிமை போயிற்று.

2004ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவரால் தொடங்கப்பெற்று, உலகெங்குமுள்ள தொண்டர்களால் வரையப்பட்டு வரும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்னும் படத்தை ஈண்டு எடுத்துக்கொள்வோம். ஜெர்மனி தேசத்துச் சட்டத்தை அதனோடு பொருத்திப் பார்ப்போம். வண்டிகளை வகைபிரிப்பதில் அத்தேசத்தாரைப்போல் நுணுக்கங் காட்டுவோர் அரியர் என்பது எம் எண்ணம்.

மின்சாரச் சைக்கிள் என்று பொதுவாய் வழங்குவன, அங்கே சட்டத்தின் கண்ணுக்கு மூன்று வேறு பொருள்களாம். முதலாவது பெடெலெக். மிதிக்கும்போது மாத்திரமே அதன் மோட்டார் துணைசெய்யும். மோட்டாரின் வலிமை 250 வாட்டுக்கு மேற்படலாகாது. வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டியதும் துணை நின்றுவிடும். இது சட்டப்படி சைக்கிளே. சைக்கிள் செல்லுமிடமெல்லாம் செல்லலாம். 45 கிலோமீட்டர் வேகம்வரை துணைசெய்யும் எஸ்-பெடெலெக், தோற்றத்தில் இதன் உடன்பிறப்பேயாயினும், மோட்டார் வாகன இனத்தைச் சார்ந்தது. இன்ஷ்யூரன்ஸ் பலகையும் ஓட்டுநர் உரிமமும் அதற்கு வேண்டும். சைக்கிள் பாதையிற் பொதுவாக இடமில்லை. இனி, மிதியாமலே 25 கிலோமீட்டர் வேகம்வரை செல்லும் சிறு வண்டியொன்று உண்டு. அதற்கே சட்டம் ஈ-பைக் எனப் பெயரிட்டது.

குழப்பம் இப்பெயரிலேதான் பிறக்கின்றது. ஊராரோ பெடெலெக்கையே ஈ-பைக் என்கின்றனர். சில சைக்கிள் பாதைகளில் ‘ஈ-பைக்குகளுக்குத் தடையில்லை’ என்னும் பொருள்பட ஒரு துணைப்பலகை நாட்டப்பட்டுள்ளது. அதனைக் கண்ட பெடெலெக்காரர், அப்பலகை இல்லாத பாதை தமக்கு அடைபட்டதென மயங்கக்கூடும். எஸ்-பெடெலெக்காரர் தமக்கு வழி திறந்ததென மகிழக்கூடும். இரண்டும் பிழையே. படம் வரையும் தொண்டர் அவ்வாறு மயங்கிவிட்டாலோ, ஒருவர் பிழை பல்லாயிரவரைத் தொடரும்.

ஸ்கூட்டரின் செய்தி வேறு. அதற்குரிய விதி 2019 ஜூன் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. உச்ச வேகம் 20 கிலோமீட்டர், ஓட்டுவோர்க்கு 14 வயது நிரம்பியிருத்தல் வேண்டும், சைக்கிள் பாதை இருப்பின் அதிலும், இல்லையேற் சாலையிலும் செல்லவேண்டும், நடைபாதை கூடாது. ஆயின் ஒரு நடைபாதையிற் சைக்கிளுக்குத் தனியே அனுமதியளிக்கும் பலகையிருந்தால் ஸ்கூட்டரும் போகலாமோ? அவ்விதி வந்தபோது அது கூடாதென்றே கொள்ளப்பட்டது. ஸ்கூட்டருக்கென வேறொரு துணைப்பலகை வேண்டியிருந்தது. ஆகவே ‘சைக்கிள்: ஆம்’ என்ற குறிப்பிலிருந்து ‘ஸ்கூட்டர்: ஆம்’ என்று ஊகித்தல் அந்நாளிற் பொருந்தாததாயிற்று.

படத்தில் இவ்வுரிமைகள் தாய்வகை, கிளைவகை என்னும் முறையிற் பதிவாகின்றன. தாய்வகைக்கு இட்ட தடை, கிளைக்கென வேறு குறிப்பு இல்லாதவரை, கிளையையும் பற்றும். எஸ்-பெடெலெக் மோட்டார் வாகனத்தின் கிளையாதலின், ‘மோட்டார் வாகனம்: இல்லை’ என்ற ஒரு சொல்லே அதனை விலக்கப் போதும். டூபிங்கன் நகரத்தார் 2019ஆம் ஆண்டில் தங்கள் ஊரின் சில சைக்கிள் பாதைகளை எஸ்-பெடெலெக்குக்குத் திறந்துவிட்டனர். அவ்வனுமதியைத் தனியே குறியாத படம், அவ்வண்டியோட்டியை லாரிகள் விரையும் சாலைக்கே அனுப்பும். பிறவூர்ப் பாதைகளுக்கும் அதே அனுமதியை வாரி வழங்கிய படமோ அவரை அபராதத்திலும், அதனினும் தீதாக, பாதையிற் செல்லும் குழந்தைகள்மீது மோதும் அபாயத்திலும் மாட்டிவிடும்.

ஆயின் தேசத்துச் சட்டம் முழுவதையும் ஒவ்வொரு பாதையின்மேலும் எழுதிவைக்கலாமே எனில், அதனைத் தொண்டர் குழாம் நல்வழக்காகக் கொள்வதில்லை. எங்கும் பொதுவாயுள்ள விதியை வழிகாட்டும் கருவி தானே அறிந்திருக்க வேண்டும். பாதைமேற் குறிக்கத்தக்கது, அவ்விடத்தே கண்ணாற் காணத்தக்க பலகை சொல்லும் விலக்கேயாம். குறிப்பு இல்லாமை அனுமதியுமன்று, தடையுமன்று; பொதுவிதியைப் பார்க்க என்பதே அதன் பொருள்.

இவ்வகையில் எமக்கு மிகவும் உகந்த வழக்கம், பலகையின் எண்ணையே பதிவதாகும். மேற்கூறிய ஈ-பைக் துணைப்பலகைக்கு 1026-63 என்பது எண். ‘இன்னார் போகலாம்’ என்னும் தம் முடிவோடு அவ்வெண்ணையும் தொண்டர் எழுதிவைப்பாராயின், பின்னர் வருபவர் அம்முடிவு எதிலிருந்து பெறப்பட்டதென்று சோதிக்கலாம். சட்டம் மாறினும், மறுபடி அவ்விடத்திற்குப் போகாமலே முடிவை மாத்திரம் திருத்தலாம்.