உடலில் செல் துண்டு, நெஞ்சில் கொரோனா: படம் எடுக்கும்போது வைத்தியர் அறியவேண்டியவை

வன்னிக்குச் செய்தி சேகரிக்கச் செல்லும்போது கொரோனா பற்றி என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று, வேறு இடங்களில் நான் கேட்டிராதது. "உடம்பில செல் துண்டு இருக்குது. நெஞ்சுப் படம் எடுக்கலாமோ? ஸ்கானுக்குள்ள போனால் ஏதும் செய்யுமோ?"

எக்ஸ்றேயும் சீ.ரி. ஸ்கானும் எடுக்கலாம். இரண்டிலும் காந்தம் இல்லை. உடலிலுள்ள துண்டை அவை அசைக்காது. சீ.ரி. படத்தில் துண்டைச் சுற்றிக் கீற்றுகள் விழும், அவ்வளவுதான். கவனம் தேவைப்படுவது எம்.ஆர்.ஐ. ஸ்கானில். அது பலத்த காந்தத்தால் இயங்குவதால், கண், முள்ளந்தண்டு, பெரிய இரத்தக் குழாய் போன்றவற்றுக்கு அருகிலுள்ள இரும்புத்துண்டு அசையக்கூடும். கொரோனாவுக்காக நுரையீரலைப் பார்க்க வழக்கமாக எம்.ஆர்.ஐ. எடுப்பதில்லை.

இதைவிட முக்கியமான விடயம் ஒன்று உண்டு. படத்துக்கு உரியவரின் பழைய வருத்தங்களும் பழைய காயங்களும் தெரிந்தால்தான் வைத்தியரால் அதைச் சரியாக வாசிக்க முடியும்.

படத்தில் தெரிவது என்ன?

சீனாவின் வூகான் நகரில் முதலில் அனுமதிக்கப்பட்ட 41 நோயாளர்கள் பற்றிய ஆய்வு 2020 ஜனவரியில் லான்செட் மருத்துவ சஞ்சிகையில் வெளியானது. அவர்களில் 40 பேருக்கு இரண்டு நுரையீரல்களும் பாதிக்கப்பட்டிருந்தன. காற்று நிறைந்த நல்ல நுரையீரல் படத்தில் கறுப்பாகத் தெரியும். கிருமி தாக்கிக் காற்றறைகளில் நீர் கசியும்போது, அந்த இடம் மூச்சுப்பட்ட கண்ணாடிபோல மங்குகிறது. கொரோனாவில் இந்த மங்கல் பெரும்பாலும் நுரையீரலின் ஓரங்களிலும் கீழ்ப்பகுதியிலும் காணப்படும்.

ஆனால் படத்தை மட்டும் வைத்துக் கொரோனா என்று முடிவுசெய்ய முடியாது. வேறு வைரஸ்களால் வரும் நிமோனியாவும் இதே மங்கலைக் காட்டலாம். தொற்றிய ஆரம்ப நாட்களில் படத்தில் எதுவும் தெரியாமலும் போகலாம். இதனால்தான் அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி, சீ.ரி. ஸ்கானை முதற் சோதனையாகப் பயன்படுத்த வேண்டாம் என 2020 மார்ச்சில் அறிவித்தது. தொற்றை உறுதிசெய்வது பி.சி.ஆர். போன்ற சோதனை. நுரையீரல் எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டுவது படம்.

பழைய தழும்பும் புதிய மங்கலும்

போரில் நெஞ்சில் காயப்பட்டு உள்ளே இரத்தம் தேங்கியவர்களுக்கு, காயம் ஆறிய பின்னும் நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வு தடித்துப் போயிருக்கலாம். அது பெரும்பாலும் நெஞ்சின் கீழ்ப்பகுதியில் வெண்மையாகத் தெரியும். கொரோனாவின் மங்கல் வருவதும் அந்தப் பக்கம்தான். காசநோய் வந்து மாறியவர்களுக்கு நுரையீரலின் மேற்பகுதியில் தழும்பு இருக்கலாம். செல் துண்டு பளிச்சென்ற வெள்ளையாகத் தெரிவதால் அதை அடையாளம் காண்பது எளிது. தழும்பு அப்படியல்ல. பழைய தழும்பைப் புதிய நோயென்று எண்ணவும், புதிய நோயைப் பழைய தழும்பென்று விட்டுவிடவும் இடமுண்டு.

பழைய எக்ஸ்றே படம் ஒன்று கையிலிருந்தால் இந்தக் குழப்பம் பெருமளவு தீரும். முன்பும் இருந்த வெண்மை பழையது; இப்போது புதிதாகத் தெரிவதைத்தான் வைத்தியர் தேடவேண்டும்.

ஏற்கெனவே உள்ள நோய்கள்

சீனாவின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2020 பெப்ரவரியில் 44,672 நோயாளர்களின் விபரங்களை வெளியிட்டது. வேறு நோய் எதுவும் பதிவாகாதவர்களில் 0.9 வீதமானோர் இறந்திருந்தனர். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் இது 6 வீதம், நீரிழிவு உள்ளவர்களில் 7.3 வீதம், இதய நோய் உள்ளவர்களில் 10.5 வீதம். இதில் முதுமைக்கும் பங்குண்டு. இலங்கையில் 2020 மார்ச் 28இல் பதிவான முதல் கொரோனா மரணமும் நீரிழிவு இருந்த ஒருவருடையதே.

சீனி கூடியிருக்கும்போது கிருமியை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள் சரிவர வேலை செய்வதில்லை. தொற்று வந்தால் சீனி மேலும் கூடும். ஒட்சிசன் தேவைப்படும் நோயாளர்களின் உயிரைக் காக்கக் கொடுக்கப்படும் டெக்சாமெதசோன் மருந்தும் சீனியைக் கூட்டும். ஆகவே சீனி வருத்தத்தை மறைப்பது சிகிச்சையையே சிக்கலாக்கும்.

சொல்லத் தயங்க வேண்டாம்

காயத்தைப் பற்றிப் பேச எம்மவர்களில் பலர் தயங்குவதை நான் கண்டிருக்கிறேன். "எங்கே காயப்பட்டாய், யாரோடு இருந்தாய்" என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லிக் களைத்தவர்களின் தயக்கம் அது. ஆனால் படத்தை வாசிக்கும் வைத்தியருக்கு அந்தக் கதை தேவையில்லை. காயம் உடலின் எந்தப் பக்கத்தில், எந்த ஆண்டில், உள்ளே துண்டு இருக்கிறதா, நெஞ்சில் குழாய் போட்டார்களா என்ற நான்கு விடயங்கள் போதும்.

இவற்றை ஒரு தாளில் எழுதி, பாவிக்கும் குளிசைகளின் பெயர்களையும் சேர்த்துக் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். பழைய எக்ஸ்றே இருந்தால் எறியாமல் அதனுடன் வையுங்கள். மூச்சுத்திணறி வைத்தியசாலைக்குப் போகிறவரால் பேச முடியாமற் போகலாம். வீட்டில் இன்னொருவருக்கும் இந்த விபரங்கள் தெரிந்திருக்கட்டும். விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியில் ஒட்சிசன் அளவு 94 இற்குக் கீழே காட்டினால், படம் எடுப்பதா வேண்டாமா என்று வீட்டிலிருந்து யோசிக்காமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.