கூச்சமுள்ள பிள்ளை தாதியாகலாமா?

ஹாலிஎலயிலிருந்து ஒரு தகப்பனார் கேட்கிறார்: மகளுக்குத் தாதியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. நாலு பேர் முன்னால் வாய் திறக்காத பிள்ளை, நோயாளிகளோடு எப்படிப் பழகுவாள்?

தாராளமாக அனுப்புங்கள் ஐயா. தாதிய மாணவர்களின் பழகும் திறனைத் தன்னம்பிக்கை, பதற்றம், உணர்வுநுண்ணறிவு (தன் உணர்வையும் பிறர் உணர்வையும் புரிந்து கையாளும் திறன்) ஆகியவற்றோடு முடிச்சுப் போடும் ஆய்வுகளுக்குக் குறைவில்லை. பலவற்றில் மாணவர்களே தங்களுக்குப் புள்ளி போட்டுக்கொள்கிறார்கள். ‘நான் பொறுமையாகக் கேட்பவள்’ என்று தாளில் குறிப்பவர் கட்டிலருகிலும் அப்படித்தானா என்பது அதில் தெரியாது. அந்தப் புள்ளிகளைக் காட்டி உணர்வுநுண்ணறிவு விற்கும் இரண்டு நாள் பயிலரங்குகளுக்குக் காசு கட்டாதீர்கள்.

பார்க்க வேண்டியது பதற்றம் கவனத்தை என்ன செய்கிறது என்பதைத்தான். ஒரே நேரத்தில் நம் மனம் தாங்கிப் பிடிப்பது ஏறக்குறைய நான்கு விஷயங்களை. அது ஒரு லயக் காம்பரா. முதல் முறை ஊசி போடப்போகும் மாணவியின் காம்பராவில் மருந்தின் அளவு பாய் விரித்துப் படுத்திருக்கிறது. நரம்பைத் தேடும் வேலை அடுப்படியில். ‘சிஸ்டர் பார்க்கிறாரே, பிழைத்தால் ஏசுவாரே’ என்ற பயம் தூரத்து மாமனைப்போல் வந்து நடுவில் காலை நீட்டிவிடுகிறது. அவருக்குச் சோறும் போட வேண்டும். நோயாளி சொல்லும் வலி இஸ்தோப்பிலேயே நிற்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் ‘இந்தப் பிள்ளைக்கு மனசே இல்லை’ என்கிறார்கள். மனசு இருக்கிறது, இடம்தான் இல்லை. கை பழகப் பழக ஊசி தன்பாட்டில் நடக்கும், அடுப்படி காலியாகும். மாமன் மட்டும் சிஸ்டரின் குரல் தணிந்தால்தான் கிளம்புவார்.

வரலாறு சுருக்கமாக: லேசான பதற்றம் கவனத்தைக் கூராக்கும், கடும் பதற்றம் அதைக் குறுக்கும் என்று எழுதியவர் அமெரிக்கத் தாதி ஹில்டகார்ட் பெப்லோ. 1960இல் உளப்பகுப்பாய்வாளர் இசபெல் மென்சீஸ் லண்டன் மருத்துவமனை ஒன்றைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். அங்கே நோயாளிகளை ‘பத்தாம் கட்டில் ஈரல்’ என்ற பாணியில் அழைத்தார்கள். பயத்தைத் தாங்க முடியாதபோது ஆளை மறந்து வேலையை மட்டும் பார்ப்பது தற்காப்பு என்றார் அவர். கல்நெஞ்சு என்று நாம் நினைப்பதில் பாதி இதுதான் என்பது என் கருத்து.

உங்கள் பதுளை மாவட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் தமிழர். பெரியாஸ்பத்திரிக்குத் தோட்டத்திலிருந்து வரும் பாட்டியிடம் பேச, சிங்கள மாணவி தமிழைச் சொல் சொல்லாகத் தேட வேண்டும். அந்தத் தேடலும் அதே காம்பராவில்தான் குடியேறும். உங்கள் மகளுக்குப் பாட்டியிடம் அந்தச் சுமை கிடையாது, டொக்டர் சிங்களத்தில் கேள்வி கேட்கும்போது உண்டு. ஆகவே இப்போதே சிங்களத்தைச் சரளமாக்கிக்கொள்ளட்டும். பேச்சுப் போட்டிப் பயிற்சி வேண்டாம்.

விடுமுறைக்கு வரும்போது அப்பாயியின் கையில் பண்டேஜ் சுற்றிப் பழகட்டும். அப்பாயி நிறுத்தாமல் கதை சொல்லட்டும். சுற்றி முடித்ததும் கதையில் என்ன நடந்தது என்று மகளிடம் கேளுங்கள். அவள் தடுமாறினால் கை இன்னும் பழகவில்லை, மறுபடியும் சுற்ற வேண்டியதுதான்.