உடுப்பு மாறும், முக்காடு மாறாது

"அப்பா, இவருக்கு ஏன் ஒரு விரல் இல்லை?"

ஒன்பது வயது மகன் டப்லட்டில் ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். 2007இல் வந்த முதல் 'அசாஸின்ஸ் கிரீட்' விளையாட்டின் நாயகன், வெள்ளை உடையும் முக்காடும் போட்ட அல்தயீர். நான் படிக்கிற காலத்தில் விடிய விடிய விளையாடிய கேம் அது. அதை உருவாக்கியவர்கள் எங்கட மொன்றியல்காரர். யூபிசொஃப்ட் நிறுவனம் இங்கே 1997இல் தொடங்கியது. சென் லோரன் வீதியில் அவர்கள் இருக்கும் செங்கல் கட்டடம் முந்தி ஒரு உடுப்புத் தொழிற்சாலை.

விரல் கதைக்கு வருவோம். அல்தயீரின் இடது மணிக்கட்டில் ஒரு மறைகத்தி இருக்கிறது. அது வெளியே வர வழிவிட வேண்டும் என்று மோதிர விரலை வெட்டிவிடுவது அவர்கள் வழக்கம். 2009இல் வந்த இரண்டாவது கேமில் லியனார்டோ டாவின்சி அந்தக் கத்தியைத் திருத்திக் கொடுக்கிறார். அதனால் எட்சியோவின் விரல் தப்பியது. பிறகு 2017இல் கதையைப் பழைய எகிப்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பாயெக் சண்டையில் தற்செயலாகத்தான் விரலை இழக்கிறான். ஆக, முதலில் விபத்து, பிறகு வழக்கம், கடைசியில் தேவையே இல்லை. எங்கட வீட்டு வழக்கங்கள் சிலதும் இப்படித்தானே?

ஆனால் முக்காடு போகவில்லை. நெற்றியில் கழுகின் அலகு மாதிரிக் கூராக இறங்கும் அந்த முனை பெரும்பாலான கேம்களில் தொடர்கிறது. எட்சியோவுக்கு இத்தாலியப் பணக்கார வீட்டுப் பிள்ளையின் உடுப்பு. பதினேழு வயதில் அறிமுகமானவன், 2011இல் வந்த கேமில் நரைத்த தாடியோடு நிற்கிறான். அப்போதும் தூரத்தில் நின்று பார்த்தாலே ஆளைத் தெரியும்.

எனக்குப் பிடித்த மாற்றம் 2012இல் வந்தது. மூன்றாவது கேமின் நாயகன் கொனர், மோஹாக் தாய்க்குப் பிறந்தவன். அவனுடைய சொந்தப் பெயர் ரதுன்ஹகேதுன். மெர்சியே பாலத்தைத் தாண்டினால் கானவாகே, மோஹாக் மக்களின் ஊர். வடிவமைப்பாளர்கள் அங்குள்ள மொழி, பண்பாட்டு நிலையத்திடம் ஆலோசனை கேட்டார்கள். சடங்கு முகமூடிகளை விளையாட்டில் காட்டும் யோசனை இருந்தது. அது வேண்டாம் என்று அவர்கள் சொன்னதும் விட்டுவிட்டார்கள். கொனர் தன் ஊர்க்காரரோடு மோஹாக் மொழியிலேயே பேசுகிறான். வதிவிடப் பள்ளிகளில் பிள்ளைகள் பேசக்கூடாது என்று தடுக்கப்பட்ட மொழி அது. சப்டைட்டிலோடு அதைக் கேட்டபோது எனக்கு வயிற்றுக்குள் என்னவோ செய்தது. வீட்டில் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் வருகிற அப்பா அம்மாக்களுக்கு அது விளங்கும்.

எல்லாம் ஒழுங்காக நடந்ததென்று இல்லை. 2014இல் வந்த கேமில் கூட்டாக விளையாட ஏன் பெண் பாத்திரம் இல்லை என்று கேட்டபோது, அசைவுக்கும் உடைக்கும் இரட்டிப்பு வேலை என்று பதில் வந்தது. உலகம் முழுக்க எதிர்ப்பு எழுந்தது. அடுத்த ஆண்டே ஈவி ஃபிரை வந்தாள். 2020இல் வந்த கேமில் எய்வோரைப் பெண்ணாகவும் விளையாடலாம், ஆணாகவும் விளையாடலாம்.

ஒரு எச்சரிக்கை: இந்தக் கேம்கள் 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. இரத்தம் அதிகம். "எல்லாரும் விளையாடீனம்" என்ற கதைக்கு மடங்கிவிடாதீர்கள். அதற்குப் பதிலாக 'டிஸ்கவரி டூர்' இருக்கிறது. 2018இல் எகிப்தோடு தொடங்கியது. சண்டை இல்லாமல் பிரமிடுகளுக்கிடையே நடந்து திரியலாம். பிரெஞ்சிலும் கேட்கலாம். நாங்கள் சனிக்கிழமைகளில் சேர்ந்து பார்க்கிறோம். இடையிடையே நிறுத்தித் தமிழில் கதைப்போம்.

போன கிழமை மகன் ஒரு படம் கீறினான். அதே கழுகு முக்காடு, கீழே வேட்டி.

"அப்பா, வேட்டியோட ஓடி மதில் ஏறலாமா? எப்படிக் கட்டுறது?"

எனக்கும் சரியாகத் தெரியாது. அப்பம்மா இந்த ஊருக்கு வந்த புதிதில் தையல் ஃபக்டரியில் வேலை செய்தவர்.

"அப்பம்மாவுக்கு ஃபோன் எடுத்துக் கேள்," என்றேன். "தமிழில் கேள்."

அரை மணித்தியாலம் கதைத்தார்கள். வேட்டி இப்போது தார்ப்பாய்ச்சுக் கட்டாகிவிட்டது. முக்காடு அப்படியே இருக்கிறது.