காணொளி விளையாட்டுத் தமிழாக்கமும் புணர்ச்சி இலக்கணமும்: 'ராஜி' விளையாட்டை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

காணொளி விளையாட்டின் உரை பெரும்பாலும் துணுக்குகளாக நிரலில் சேமிக்கப்பட்டு, ஆடும்போது ஒட்டப்படுகிறது. ஒட்டுநிலை மொழியாகிய தமிழுக்கு இம்முறை தரும் இடர்களையும், அவற்றைக் களைய மரபிலக்கணம் உதவும் வகையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: காணொளி விளையாட்டு, தன்மொழியாக்கம், வேற்றுமை உருபு, புணர்ச்சி, உறவுமுறைச் சொல், ஒருங்குறி.

முன்னுரை

தூத்துக்குடி மாவட்டம் சாயர்புரத்தில் 1840களில் கல்விக்கூடம் நடத்திய ஜி.யு. போப், பிற்காலத்தில் திருக்குறளையும் (1886) திருவாசகத்தையும் (1900) ஆங்கிலத்தில் பெயர்த்தார். அவர்முன் முழு நூல் இருந்தது. 1330 குறள்களும் முற்றுப்பெற்ற பாக்களாக, அதிகாரச் சூழலோடு நின்றன. விளையாட்டை மொழிபெயர்ப்பவருக்கோ பெரும்பாலும் விரிதாளில் அடுக்கிய துணுக்குகளே கிடைக்கின்றன. யார், யாரிடம், எச்சூழலில் பேசுகிறார் என்பது அங்கு இருப்பதில்லை. எனவே, இங்கு மொழிபெயர்ப்புச் சிக்கல் சொல்தேர்வோடு நிற்காமல் இலக்கணச் சிக்கலாகவும் விரிகிறது.

'ராஜி' விளையாட்டு

புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'ராஜி: அன் ஏன்ஷியன்ட் எபிக்', ஒருவர் மட்டும் ஆடும் சாகச விளையாட்டாகும். 2020இல் வெளிவந்த இதன் உரை பல மொழிகளில் அமைந்தது. 2022இல் வந்த மேம்பட்ட பதிப்பில் இந்திக் குரல் சேர்க்கப்பட்டது. மகாபலாசுரனின் படையினர் கவர்ந்து சென்ற தம்பி கோலுவை மீட்க ராஜி என்னும் பெண் போரிடுவதே கதை. துர்க்கையும் திருமாலும் கதையை எடுத்துரைக்கின்றனர். துர்க்கையின் சூலம், திருமாலின் வில் ஆகியன அவளுக்குக் கருவிகளாகின்றன. இக்கதைப் பொருள்களைக் கொண்டே தமிழாக்க இடர்களைக் காணலாம்.

வேற்றுமையும் புணர்ச்சியும்

'ராஜி இப்பொருளைப் பெற்றாள்' என்னும் அறிவிப்பை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் பொருட்பெயரை மட்டும் மாற்றினால் போதும். பெயரின் வடிவம் திரிவதில்லை. தமிழில் இரண்டாம் வேற்றுமை உருபு ஏற்கும்போது 'சூலம்' அத்துச் சாரியை பெற்றுச் 'சூலத்தை' ஆகிறது. 'வில்' தனிக்குறிலை அடுத்த மெய் இரட்டித்து 'வில்லை' ஆகிறது. 'வாள்' இரட்டாமல் 'வாளை' ஆகிறது. நிரல் 'ஐ' உருபை இயந்திரமாக ஒட்டினால் 'சூலம்ஐ' எனப் பிழைபடும்.

உருபு இல்லாத இடத்திலும் இடர் உண்டு. 'அந்த' என்னும் சொல்லுக்குப்பின் 'சூலம்' வந்தால் 'அந்தச் சூலம்' என வல்லினம் மிகும். 'வில்' வந்தால் மிகாது. அடுத்து வரும் சொல் எதுவென அறியாத துணுக்கில் ஒற்றை இடுவதும் விடுவதும் ஒருங்கே பிழையாகலாம்.

இவ்விடர்களைத் தவிர்க்க, 'பெறப்பட்டது: சூலம்' என முக்காற்புள்ளியிட்டு எழுதும் வழக்கம் ஏற்படுகிறது. இதில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் கதை சொல்ல வேண்டிய தமிழ், பெயர்ப்பட்டியல் மொழியாகச் சுருங்கிவிடுகிறது.

திணை, பால், உறவுமுறை

பகைவர் தோற்றால் வினைமுற்று 'தோற்றான்', 'தோற்றாள்', 'தோற்றது' எனத் திணை, பால் நோக்கி மாறும். 'பிரதர்' என்னும் ஒற்றைச் சொல்லுக்கு அண்ணன், தம்பி என இரு சொற்கள் உள்ளன. கதையறியாதவர் கோலுவை அண்ணனாக்கிவிடக்கூடும். தெய்வத்தை 'நீ' என அழைப்பது பத்தி மரபு. முதியவரை 'நீங்கள்' என்பது உலக வழக்கு. ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே சொல்லாதலின் துணுக்கிலிருந்து இவ்வேறுபாட்டை உய்த்துணர இயலாது.

எழுத்துருத் தோற்றம்

ஒருங்குறியில் 'கெ' என்பது ககரத்துக்குப்பின் எகரக் குறியாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் குறி முன்னே தோன்ற வேண்டும். இம்மாற்றத்தை எழுத்து வடிவமைப்பு நிரல் செய்கிறது. ஹார்ஃப்பஸ் போன்ற அந்நிரல் இணைக்கப்படாத விளையாட்டு இயந்திரத்தில், மொழிபெயர்ப்பு சரியாக இருப்பினும் எழுத்து சிதைந்தே தோன்றும்.

தீர்வுகள்

ஐ.சி.யூ. என்னும் பொது நிரல் நூலகம், எண்ணுக்கும் பாலுக்கும் ஏற்ப வாக்கியத்தைத் தெரிவுசெய்ய வழி தருகிறது. புணர்ச்சியைத் தானே அமைத்துத் தருவதில்லை. ஆதலின் ஒவ்வொரு பெயருக்கும் வேற்றுமை வடிவங்கள், முதலெழுத்து, திணை, பால் ஆகியவற்றை அட்டவணையாக்கி நிரலுக்கு அளித்தல் வேண்டும். வாக்கியங்களை இயன்றவரை முழுமையாகவே சேமித்தல் வேண்டும். பேசுவோர், கேட்போர், அவர்தம் உறவு ஆகியவற்றைத் துணுக்குதோறும் குறித்தல் வேண்டும்.

முடிவுரை

இவ்வட்டவணைக்குரிய விதிகள் நன்னூலின் புணரியல்களில் முறைப்படுத்தப்பட்டுள்ளன. இரு சொற்கள் சந்திக்கும்போது நிகழும் மாற்றத்தை நிலைமொழி, வருமொழி என்னும் நிபந்தனைகளோடு கூறும் அம்முறை நிரலாக்கத்துக்கு இயல்பாகவே பொருந்துகிறது. நிரலாளர் இவ்விதிகளை அறியார். அறிந்த தமிழ்த்துறைகளுக்கு நிரலின் தேவை புலப்படுவதில்லை. இவ்விரு தரப்பும் இணையாதவரை, தமிழில் ஆட விரும்பும் இளையோரும் பிழைமலிந்த திரையைக் கண்டு ஆங்கிலத்துக்கே திரும்புவர்.