ஒரே கம்பி, நாட்டுக்கொரு விலை

வீட்டிற்கு இணைய இணைப்புப் பெறுவது இன்று மின்விளக்குப் போடுவதைப் போன்ற சாதாரணத் தேவையாகி விட்டது. புதிய சேலை மாதிரியை வெளியூர் வியாபாரிக்கு அனுப்பும் நெசவாளரும், மண்டி விலையை விடியுமுன் அறிய விரும்பும் விவசாயியும் இதற்கென மாதந்தோறும் ஒரு தொகையைத் தனியே எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. இத்தொகை உலகெங்கும் ஒரே அளவினதாக இல்லை. பிரான்சு நாட்டில் ஒரு குடும்பம் தொலைபேசியும் தொலைக்காட்சியும் சேர்த்தே மாதம் 30 யூரோவிலிருந்து 40 யூரோவுக்குள் அதிவேக இணைப்பைப் பெற முடிகிறது. அமெரிக்காவிலோ இணைய இணைப்புக்கு மட்டுமே 60, 70 டாலர் கொடுப்பது சாதாரணம். இரண்டும் செல்வம் மிகுந்த நாடுகள். கண்ணாடி இழையும் கருவிகளும் இரண்டிற்கும் ஏறக்குறைய ஒரே சந்தையிலிருந்தே வருகின்றன. அவ்வாறிருக்க, இவ்வேற்றுமை எதனால் நேர்ந்தது?

எளிதில் விளங்கும் காரணங்களை முதலில் பார்த்து விடுவோம். செய்தி நாடு விட்டு நாடு செல்வது பெரும்பாலும் கடலடிக் கம்பிகள் வழியாகத்தான். கிழக்கு ஆப்பிரிக்காவிற்கு அத்தகைய கம்பிகள் 2009ஆம் ஆண்டில்தான் வந்து சேர்ந்தன. அதுவரை கென்யா நாட்டார் விலை மிகுந்த செயற்கைக்கோள் வழியையே நம்பியிருந்தனர்; மொம்பாசாத் துறைமுகத்தில் கம்பி கரையேறிய பிறகு மொத்த விலை சரிந்தது. கடற்கரையே இல்லாத நாடுகள் அண்டை நாட்டிற்குச் சுங்கம் செலுத்துவதைப் போல வழிக்கூலி கொடுத்தாக வேண்டும். மக்கள் நெருக்கமும் ஒரு காரணமே. தென் கொரியாவில் பெரும்பாலோர் அடுக்குமாடிக் கட்டடங்களில் வசிப்பதால், ஒரு கட்டடத்திற்குக் கம்பி கொண்டுபோனால் நூறு வீட்டிற்குக் கொண்டுபோனதாகும். 1998, 1999ஆம் ஆண்டுகளில் துருநெட், ஹனாரோ என்னும் புதிய கம்பெனிகள் பழைய தொலைபேசி நிறுவனத்தோடு அங்கே போட்டிக்கு இறங்கியதற்கு இவ்வசதி பெரிதும் துணை செய்தது.

மலிவு என்பதை நாணயக் கணக்கில் மட்டும் அளப்பதும் சரியன்று. நாட்டின் சராசரி மாத வருமானத்தில் நூற்றுக்கு 2 பங்கிற்குள் தொடக்கநிலை இணையச் சேவையின் விலை அமைய வேண்டும் என்ற குறிக்கோளை ஐக்கிய நாடுகளின் அகல அலைவரிசை ஆணையம் 2018இல் வகுத்தது. ஒருவனுக்குக் காசாகத் தோன்றுவது மற்றொருவனுக்கு அரை நாள் கூலி.

ஆயினும் இவையெல்லாம் சேர்ந்தும் பிரான்சுக்கும் அமெரிக்காவுக்கும் இடையேயுள்ள வேற்றுமையை விளக்கி விடவில்லை. அமெரிக்கா பரந்த நாடு, ஆகவே செலவு மிகுதி என்பார்கள். நியூயார்க் நகரம் பரந்து கிடக்கவில்லையே! அங்கும் பாரீசைவிட விலை கூடுதலாகத்தான் இருந்து வந்திருக்கிறது. காரணம் வேறிடத்தில் இருக்கிறது.

அது கடைமடையில் இருக்கிறது. ஆற்றில் எவ்வளவு வெள்ளம் ஓடினாலும், கடைமடை நிலத்துக்குத் தண்ணீர் சேருவது கடைசி வாய்க்காலையும் அதைத் திறந்து மூடுபவரையும் பொறுத்ததன்றோ? இணையத்திலும் வீட்டு வாசலுக்கு வந்து சேரும் கடைசிக் கம்பியே விலை உயர்ந்தது. அதிலும் செலவில் பெரும்பகுதி இழைக்கு அன்று. தெருவைத் தோண்டி மூடுவதற்கே. ஒருவர் தோண்டிய தெருவில் மற்றொருவர் அதே செலவைச் செய்து வரத் துணிவதில்லை. ஆகவே முதலில் வந்தவர் வைத்ததே விலையாகி விடுகிறது. (நம் ஊர்களில் கம்பி பல இடங்களில் மண்ணுக்குள் போவதில்லை, கம்பத்திலிருந்து கம்பத்திற்கும் மாடியிலிருந்து மாடிக்கும் தாவிச் செல்கிறது. இங்குள்ள மலிவிற்கு இதுவும் ஒரு காரணம். காற்று மழையில் அறுந்து தொங்குவதற்கும் இதுவே காரணம்.)

நெசவாளர் தெருக்களில் பாவு நீட்டிக் கஞ்சி போடும் வழக்கத்தை அங்கத்தினர் அறிவர். தெரு பொதுவாக இருப்பதால்தான் சிறு தறிக்காரரும் பெரிய முதலாளியும் அதில் பாவு நீட்ட முடிகிறது. அத்தெரு ஒருவருக்கே சொந்தமாகி, அவரே சேலை வியாபாரமும் செய்வாரானால், மற்றவர் பாவுக்கு அவர் என்ன வாடகை கேட்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிரான்சு இதற்கு ஒரு விதி செய்தது. பழைய அரசாங்கத் தொலைபேசி நிறுவனத்தின் கம்பிகளைப் போட்டிக் கம்பெனிகள் நிர்ணயித்த வாடகைக்குப் பயன்படுத்திக் கொள்ளலாம் என்பதே அவ்விதி. அதன் பலனாக 'ஃப்ரீ' என்ற கம்பெனி 2002இல் மாதம் 29.99 யூரோ என்று விலை அறிவித்துச் சந்தையில் நுழைந்தது; மற்றவர்களும் இறங்கி வர நேர்ந்தது. கண்ணாடி இழை வந்தபோது, நிலத்தடிக் குழாய்களையும் போட்டியாளருக்குத் திறந்துவிடுமாறு 2008இல் அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் பணித்தது. பாரீஸ் நகரில் இழை பெரும்பாலும் சாக்கடைச் சுரங்கங்களின் வழியே செல்கிறது. தெருவைத் தோண்டும் வேலையே அங்கு மிச்சமாயிற்று.

அமெரிக்காவும் இதே வழியில்தான் புறப்பட்டது. 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் தொலைபேசிக் கம்பிகளைப் பிறருக்கு வாடகைக்கு விடுமாறு கட்டளையிட்டது. பின்னர் ஆணையத்தின் கருத்து மாறிற்று. கேபிள் தொலைக்காட்சிக் கம்பெனிகள் தம் கம்பியைப் போட்டி இணையக் கம்பெனிகளுக்குத் திறக்க வேண்டியதில்லை என்னும் முடிவை உச்ச நீதிமன்றம் 2005 ஜூனில் உறுதி செய்தது. அதே ஆண்டில் தொலைபேசிக் கம்பெனிகளின் இணையச் சேவைக்கும் அவ்விலக்கு அளிக்கப்பட்டது. பணம் போட்டுக் கம்பி இழுத்தவன் அதைப் பிறனுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் இனி எவன் பணம் போடுவான் என்பது அவர்கள் வாதம். இது வெற்று வாதம் அன்று. புதிய கம்பி இழுப்பதற்கு ஆதாயம் வேண்டும் என்பதை நாமும் ஒப்புக் கொள்கிறோம். ஆனால் நடந்தது என்ன? பல ஊர்களில் தொலைபேசிக் கம்பெனி ஒன்று, கேபிள் கம்பெனி ஒன்று என இரண்டே கதவுகள் மிஞ்சின. சில ஊர்களில் ஒன்றே.

ஏழைக் குடும்பங்களின் கட்டணத்தில் மாதம் 30 டாலர் வரை அந்நாட்டு அரசாங்கமே ஏற்கும் திட்டம் ஒன்று 2022இல் தொடங்கிற்று. ஏறக்குறைய 2 கோடியே 30 லட்சம் குடும்பங்கள் அதில் சேர்ந்தன. ஒதுக்கிய பணம் தீர்ந்ததும் 2024 ஜூன் முதல் தேதியுடன் அது நின்றது. விலையைத் தொடாமல் உதவித்தொகை மட்டும் கொடுத்தால் பணம் உள்ளவரைதான் பலன் இருக்கும்.

அதே அமெரிக்காவில் வேறு காட்சியும் உண்டு. டென்னசி மாநிலத்துச் சாட்டனூகா நகரின் பொது மின்சார நிறுவனம் தன் மின்கம்பங்களைக் கொண்டே வீடுதோறும் இழை இழுத்து, 2010இல் நொடிக்கு 1 கிகாபிட் வேகத்தை வழங்கியது. முதலில் 350 டாலராக இருந்த அச்சேவையின் மாதக் கட்டணம் பின்னர் 70 டாலராகக் குறைந்தது. பக்கத்துக் கிராமத்தார் தங்களுக்கும் வேண்டுமென்றனர். மாநிலச் சட்டமோ மின்சார எல்லையைத் தாண்டக் கூடாதென்றது. அத்தடையை நீக்க மத்திய ஆணையம் 2015இல் ஆணையிட, மேல் முறையீட்டு நீதிமன்றம் 2016இல் அவ்வாணையைத் தள்ளி விட்டது. வேலி அருகே வந்த கம்பி வேலிக்கு அப்பாலேயே நின்றது.

அங்கத்தினர் மிகவும் விரும்பிக் கேட்கக்கூடிய செய்தி இங்கிலாந்தின் லங்காஷயரிலிருந்து வருகிறது. அந்தப் பெயர் நம் கைத்தறியாளர் குடும்பங்களுக்குப் புதிதன்று. அங்கிருந்து வந்த ஆலைத் துணியால் தறி இழந்தவர் கதைகள் எத்தனையோ. அம்மாவட்டத்தின் வடபகுதி ஆடு மாடு மேய்க்கும் சிற்றூர்களால் ஆனது. வீடுகள் தூரந்தூரமாக இருந்தமையால் பெரிய கம்பெனிகள் அங்கு இழை இழுக்க முன்வரவில்லை. 2011இல் ஊரார் கூடி 'பார்ன்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் சமூக நலச் சங்கத்தை நிறுவினர். பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஓர் அங்கத்தினருக்கு ஒரே வாக்கு. ஊரார் வாங்கிய பங்குகளே முதலாயின. தெருவைத் தோண்டுவது செலவு என்றோம். இவர்கள் பெரும்பாலும் தெருவைத் தவிர்த்தனர். விவசாயிகள் தங்கள் வயல்களின் வழியே வாடகையின்றி இடம் விட்டனர். தங்கள் இயந்திரங்களைக் கொண்டே குழி வெட்டினர். உழைப்பிற்குப் பங்கு எடுத்துக் கொண்டவர்களும் உண்டு. குழாய் பதிக்கவும் சுவரில் துளையிடவும் ஊர்ப் பெண்களும் முதியவர்களும் கற்றுக் கொண்டனர். நொடிக்கு 1 கிகாபிட் வேகம், அனுப்புவதற்கும் பெறுவதற்கும் ஒன்றுபோல். மாதக் கட்டணம் பல ஆண்டுகள் 30 பவுனாகவே இருந்தது.

இதை அப்படியே எங்கும் செய்யலாம் என்று நாம் சொல்லவில்லை. ஊரார் உழைப்பைக் கூலியாகக் கணக்கிட்டால் அந்த 30 பவுன் எவ்வளவாகும் என்ற கேள்வி உண்டு. பாறை நிலத்தில் அவர்கள் வேலை எளிதாய் இராது. ஆனால் இலாபமில்லை என்று பிறர் கைவிட்ட பண்ணை வீடுகளில், லண்டன் நகர வீடுகள் பல அப்போது கண்டிராத வேகத்தில் இணைப்பு வந்து சேர்ந்தது. அதன் விலையை வைப்பவர்களும் அதைக் கொடுப்பவர்களும் அங்கே ஒருவரே.