அம்மா ஊத்தின பாணி மருந்து எங்க போச்சு?

போன வின்டர் தம்பிக்கு நெஞ்சில சளி. டொக்டர் கிளாரித்ரோமைசின் பாணி எழுதித் தந்தார். சொன்ன நாள் முடிஞ்சும் போத்தலில மிச்சம் கிடந்தது. அம்மா அதை சிங்க்கில ஊத்திப்போட்டா. "கழிவுத் தண்ணியை அவங்கள் சுத்தப்படுத்துவாங்கள்தானே?" எண்டா. நானும் அப்படித்தான் நினைச்சிருந்தன். இந்தக் கிழமை எபிசோட்டுக்குத் தேடினபோதுதான் விசயம் விளங்கினது.

சுத்திகரிப்பு நிலையத்தில பெரும்பாலான வேலையைச் செய்யிறது பக்டீரியாக்கள். மலம், சவர்க்காரம், அமோனியா எண்டு நிறையத்தைத் தின்னுங்கள். கிளாரித்ரோமைசினைப் பெரிசாத் தொடாதுகள். அது ஆற்றுக்குப் போகும். அங்க மருந்துக்கு அசையாத கிருமிகள் மிஞ்சிப் பெருகினா, நாளைக்கு அதே பாணி இன்னொரு பிள்ளைக்கு வேலை செய்யாமல் போகலாம். பயம் அதுதான்.

சூரிச்சுக்குப் பக்கத்தில, டூபென்டோர்ஃபில இருக்கிற நொய்குட் நிலையத்தில 2014இல் ஓசோன் தொட்டி ஓடத் தொடங்கினது. சுவிஸில முழு அளவில அதுதான் முதல். ஒக்சிசனுக்குள்ள மின்சாரம் பாய்ச்சி அங்கேயே ஓசோன் செய்து, தண்ணிக்குள்ள குமிழியா விடுவினம். ஓசோன் அந்த மருந்தின் நைட்ரஜன் இருக்கிற இடத்தைக் கடிக்கும். கிருமி கொல்லுற குணம் போயிடும். மிச்சத் துண்டுகளை மணல் வடியில இருக்கிற பக்டீரியா பார்த்துக்கொள்ளும். தண்ணியில புரோமைட் கூட இருந்தா மட்டும் ஓசோன் ஆபத்து, புரோமேட் உண்டாகும். அப்படியான இடத்தில ஆக்டிவேட்டட் கார்பன் பாவிக்கலாம்.

2016இல் இது சட்டமாச்சு. 700க்கு மேற்பட்ட நிலையங்களில நூற்றுச் சொச்சத்தைத் தெரிஞ்செடுத்து, இப்படியான நுண்மாசுகளில 80 சதவீதத்தை அகற்றச் சொல்லுது. அளந்து பார்க்கிற 12 பொருட்களில கிளாரித்ரோமைசினும் ஒண்டு. செலவுக்குத் தலைக்கு வருசம் 9 பிராங் வரை அறவிடுகினம். கடைசியில அது எங்கட கழிவுநீர் பில்லிலதான் வரும். ஐரோப்பிய ஒன்றியமோ 2024இல் வேற வழி எடுத்தது: கூடுதல் செலவில குறைஞ்சது 80 சதவீதத்தை மருந்து, அழகுசாதனக் கொம்பனிகள் கட்ட வேணும். கொம்பனிகள் கோர்ட்டுக்குப் போயிருக்கினம். எனக்கு ஒன்றியத்தின் வழிதான் நியாயமாப் படுது.

அம்மாட்ட எல்லாம் சொன்னன். இப்ப மிச்ச மருந்து பார்மசிக்குத் திரும்பிப் போகுது. "அப்ப குடிச்சது?" எண்டு கேட்டா. அதுதான் சிக்கல். குடிச்சதில 20 முதல் 40 சதவீதம் மாறாமலே சிறுநீரில வெளிய வரும். அதை எந்தப் பார்மசியும் வாங்காது.

எங்கட ஊர் நிலையத்தில ஓசோன் இன்னும் இல்லை. உங்கட ஊரில இருந்தா ரிப்ளை பண்ணுங்கோ.